எட்டடிக் கூரைக்குக் கீழே ஒரு கார் லிஃப்ட்

மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு சனிக்கிழமை. டெக்சஸில் எங்கள் வீட்டு கராஜில் பிரேக் பேட் மாற்றிக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷ வேலைதானே என்று ஸ்டாண்ட் வைக்காமல் ஜாக்கை மட்டும் நம்பினேன். இறுகிப்போன போல்ட்டை வேகமாக இழுத்ததில் ஜாக் சாய்ந்தது, கார் இறங்கிவிட்டது. கழற்றிய சக்கரத்தை காருக்கு அடியில் படுக்க வைப்பது அப்பாவிடம் வந்த பழக்கம். கார் அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தது. என் கை அப்போது வெளியே இருந்தது, அவ்வளவுதான். அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. அதற்குப் பிறகுதான் லிஃப்ட் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததில் முதலில் புரிந்தது: தூக்குவது வேற, தாங்குவது வேற. பெரும்பாலான லிஃப்டுகளில் காரைத் தூக்குவது எண்ணெய் அழுத்தம். சீல் கசியலாம், ஹோஸ் வெடிக்கலாம். எண்ணெய் போனால் அழுத்தமும் போச்சு. அதனால் நாம் அடியில் போகும்போது காரைத் தாங்க வேண்டியது இரும்புப் பூட்டு. காரைத் தேவைக்குச் சற்று மேலே ஏற்றி, பூட்டு விழும் ‘டக்’ சத்தம் கேட்டபின், பாரம் பூட்டில் உட்காரும்வரை இறக்க வேண்டும். பூட்டே இல்லாத லிஃப்ட் என்ன விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

பூட்டு இருந்தால் மட்டும் போதுமா? 2020இல் அமெரிக்காவில் ஒரு கடையின் ஜாக் ஸ்டாண்டுகள் பத்து லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெறப்பட்டன. பல்லும் கொக்கியும் சரியாகப் பொருந்தாமல், பாரத்தோடு நழுவ வாய்ப்பிருந்தது. பதிலுக்குக் கொடுத்த ஸ்டாண்டுகளில் சிலதையும் பிறகு திரும்ப வாங்கினார்கள். பூட்டைச் சோதித்தது யார் என்பதும் முக்கியம் என்று அப்போதுதான் உறைத்தது.

இங்கே அதற்கு ஏ.எல்.ஐ. என்கிற ஆட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. வெளி ஆய்வகத்தில் சோதித்துத் தேறிய மாடல்களில் அவர்களுடைய தங்க நிற முத்திரை ஒட்டியிருக்கும். அந்த மாடல்களின் பட்டியலும் அவர்கள் தளத்தில் உண்டு. விளம்பர வார்த்தைகளில் ஏமாறக் கூடாது. ‘ஏ.எல்.ஐ. தரத்துக்கு ஏற்பச் செய்தது’ என்றால் சான்று பெற்றது என்று அர்த்தமில்லை. மோட்டாருக்கு மட்டும் வாங்கிய மின்சாரச் சான்று மொத்த லிஃப்டுக்கும் ஆகாது. வாங்கப்போகும் மாடலின் எண் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கூரை. என் கராஜின் உயரம் எட்டடி, அதாவது 96 அங்குலம். என் செடான் கார் 57 அங்குலம். மிச்சம் 39. கதவு திறக்கும் மோட்டாரும் அதன் தண்டவாளமும் சுமார் ஓரடியை எடுத்துக்கொள்கின்றன. கொஞ்சம் இடைவெளியும் விட்டால் காரை இரண்டடிதான் தூக்க முடியும். நின்றுகொண்டு வேலை பார்க்கும் ஆசை அங்கேயே முடிந்தது. சாதாரண இரண்டு தூண் லிஃப்டில் தூணே ஒன்பதடிக்கு மேல் இருக்கிறது.

தரைதான் பெரிய விஷயம். இரண்டு தூண் லிஃப்டின் முழு பாரமும் தரையில் துளையிட்டு இறக்கிய ஆங்கர் போல்ட்டுகளை நம்பி நிற்கிறது. பொதுவாகக் குறைந்தது நாலு அங்குல கான்கிரீட் கேட்பார்கள், விரிசல் இருக்கக் கூடாது. டெக்சஸில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே பல வீடுகளின் அடித்தளத்துக்குள் எஃகுக் கேபிள்களை டன் கணக்கான விசையில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். துளையிடும்போது அதில் ஒன்று அறுந்தால் உயிருக்கே ஆபத்து, வீட்டின் அஸ்திவாரத்துக்கும் கேடு. கராஜ் தரையில் வாசல் பக்கமாக அச்சு வைத்திருப்பார்கள். தேடிப் பார்த்தேன், எங்கள் தரையிலும் அந்த அச்சு இருந்தது.

ஆக, துளையே போடாத வகைகள் மிஞ்சின. நடுவில் மடிந்து உயரும் கத்தரி லிஃப்ட் வசதியானது. ஆனால் காரின் நடுப்பகுதியை மறைத்துவிடும், கியர்பாக்ஸ் பக்கம் கை போகாது. அடியில் பேட்டரி பரப்பிய மின்சாரக் கார் என்றால், பாரம் பேட்டரி மேல் விழாமல் கார் கம்பெனி குறித்த இடங்களில் மட்டும் பட வேண்டும். இன்னொன்று, காரின் இரு பக்கமும் படுக்க வைக்கும் இரட்டைச் சட்டம். நடுவில் இடம் திறந்திருக்கும், வேலை முடிந்ததும் சுவரோரம் சாய்த்து வைக்கலாம். அதன் நீளம் உங்கள் காரின் தூக்கும் புள்ளிகளுக்குப் பொருந்துகிறதா என்று டேப் வைத்து அளந்துவிட்டே வாங்குங்கள்.

தாங்கும் எடையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 6,000 பவுண்டு லிஃப்டில் நாலு கை இருந்தால் ஒரு கைக்கு 1,500 பவுண்டுதான். இன்ஜின் முன்னால் இருக்கும் காரில் எடையில் சுமார் 60 சதவீதம் முன்பக்கம் விழும். 4,500 பவுண்டு வண்டியில் முன் கை ஒவ்வொன்றுக்கும் 1,350 வரும். மொத்த எடையைப் பார்த்தால் நிறைய மிச்சம் இருப்பது மாதிரி தெரியும். கைக்கணக்கு பார்த்தால் மிச்சம் 150தான்.

கடைசியில் நான் வாங்கியது இரட்டைச் சட்டம். கார் இரண்டடிகூட உயராது, படுத்துக்கொண்டுதான் வேலை. கராஜ் தரை வாசலை நோக்கிச் சரிவாக இருப்பதால், கையேடு அனுமதிக்கும் சரிவுக்குள் வருகிறதா என்று மட்டம் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பூட்டில் உட்கார வைத்தபின் காரை நன்றாக ஆட்டிப் பார்க்கிறேன். வீட்டில் ஆள் இல்லாதபோது அடியில் போவதில்லை. கழற்றிய சக்கரம் இப்பவும் காருக்கு அடியில்தான் படுக்கிறது. அதை மட்டும் விட மனசு வரல.