பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பாட்டு அறை

நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வாங்கி மாட்டிய பிறகும் பாட்டு கொழகொழவென்று கேட்கிறதா? பெட்டியைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். அறையைக் காலி செய்து, நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் ‘ட்ர்ர்ர்’ என்று ஒரு அதிர்வு காதருகே ஓடும். எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் அந்த ஒலியைப் பந்து போல மாற்றி மாற்றி அடித்துக்கொள்கின்றன. பாடகரின் ஒவ்வொரு சொல்லின் மீதும் இதே அதிர்வு படிகிறது.

இதை முதன்முதலில் அளந்து கணக்காக்கியவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த வாலஸ் சாபின். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் பேச்சே புரியவில்லை. ஒரு சொல் ஐந்தரை வினாடி வரை நின்று ஒலித்தது. சாபின் பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு ஒலி குறைகிறது என்று கடிகாரத்தோடு உட்கார்ந்து அளந்தார். ஒலியை உறிஞ்சும் திறனுக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். ஜன்னல் வழியே போன ஒலி திரும்பி வராதல்லவா?

அவருடைய சூத்திரத்தை நம் வீட்டு அறையில் போட்டுப் பார்ப்போம். 10 அடி அகலம், 12 அடி நீளம், 10 அடி உயரம். வழவழப்பாகப் பூசிய சுவரும் தளமும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும் என்று வைத்துக்கொண்டால், காலி அறையில் ஒலி அடங்க ஏறக்குறைய 3 வினாடி ஆகிறது. பாட்டு கேட்க 0.4 வினாடி போதும். அதற்கு 147 சதுர அடி ‘திறந்த ஜன்னல்’ வேண்டும். அந்த அறையின் பெரிய சுவர் ஒன்றே 120 சதுர அடிதான்!

இங்கேதான் புதுச்சேரியின் பழைய தமிழ் வீடு கை கொடுக்கிறது. வைசியாள் வீதிப் பக்கம் இருப்பது போன்ற முற்றம் வைத்த வீடாக இருந்தால், தாழ்வாரத்தின் ஒரு பக்கம் முழுக்கத் திறந்தவெளி. 10 அடிக்கு 10 அடி திறப்பு இருந்தாலே 100 சதுர அடி, ஒரு காசு செலவில்லாமல். ஸ்பீக்கர்களைக் கெட்டியான சுவர்ப் பக்கம் வைத்து, முற்றம் உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும்படி உட்காருங்கள். முற்றம் பக்கவாட்டில் வந்தால் ஒரு காதுக்குச் சுவர், இன்னொரு காதுக்கு வானம் என்றாகிவிடும். பாடகர் நடுவில் நிற்கமாட்டார். தெரு ஹாரனும் குயிலும் உள்ளே வரத்தான் செய்யும். ஆனாலும் இந்த நகரத்தில் பாட்டு கேட்க எனக்குப் பிடித்த இடம் தாழ்வாரம்தான்.

லாஸ்பேட்டையிலோ ரெயின்போ நகரிலோ அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு முற்றம் ஏது? இலவம் பஞ்சு மெத்தை, தேங்காய் நார் மெத்தை, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரை, புத்தகம் நிறைந்த அலமாரி என்று வீட்டில் உள்ளதிலிருந்தே தொடங்கலாம். மெத்தையைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிறுத்தினால் கூடுதலாக உறிஞ்சும். முட்டை அட்டையை ஒட்டுவது வீண் வேலை. இன்னொன்று: இவை எதுவும் பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தத்தைத் தடுக்காது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும்.

மெத்தையை எங்கே நிறுத்துவது என்பதற்கு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். நீங்கள் உங்கள் இடத்தில் உட்காருங்கள். ஒருவர் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு வைத்து மெல்ல நகர்த்தட்டும். ஸ்பீக்கர் எந்த இடத்தில் தெரிகிறதோ, அங்கேதான் ஒலி பட்டு உங்களிடம் திரும்புகிறது. மெத்தை அங்கே போகவேண்டும்.

அடித்தொனிதான் பெரிய தலைவலி. நம் ஊர் 30 டிகிரி வெயிலில் ஒலி வினாடிக்கு 349 மீட்டர் ஓடுகிறது. 10 அடி இடைவெளியில் அது 57 ஹெர்ட்ஸில் சிக்கிக்கொள்ளும். பேஸ் கிட்டாரின் மூன்றாவது கம்பி 55 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட அதே இடம். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் அந்தச் சுரத்தைத் தொடும்போதெல்லாம் அறை ‘கும்’ என்று வீங்கும், இரும்பு பீரோவின் கதவும் சேர்ந்து அதிரும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடியாக இருந்தால் மூன்று வீக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அப்படிப்பட்ட அறையைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் வீக்கம் உச்சத்தில் இருக்கும், அறையின் நட்டநடுவில் அதே சுரம் காணாமல் போகும். 12 அடி நீள அறையில் பின்சுவரிலிருந்து நாலரை அடி தள்ளி நாற்காலி போட்டுத் தொடங்கி, முன்னும் பின்னும் அரை அடி நகர்த்திப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்கட்டும். மூலையில் முட்டுக்கொடுத்து வைத்த ஸ்பீக்கர் அடித்தொனியை ஊதிப் பெருக்கும்; சுவரைவிட்டு வெளியே இழுங்கள்.

கடற்காற்றில் செம்புக் கம்பி முனைகளில் களிம்பு ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னும் பின்னும் கழற்றித் துடையுங்கள். கோன் ஓரத்தில் நுரை வளையம் உள்ள ஸ்பீக்கர் ஈரத்தில் சீக்கிரம் பொடிந்துபோகும். ரப்பர் வளையமே நமக்குச் சரி.

எல்லாம் முடிந்ததும் ஐம்பதுகளின் பழைய மோனோ பாட்டு ஒன்றைப் போடுங்கள். பி. சுசீலாவின் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, வெற்றுச் சுவரிலிருந்து, ஒரு கையகல இடத்தில் வரவேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கச் சுவரைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு அலமாரிக் கண்ணாடியோ சாத்திய கதவோ அங்கே இருக்கும்.