பிரிந்து வாழும் பெற்றோரும் பிள்ளையின் பராமரிப்பும்

கணவனும் மனைவியும் பிரிந்து வாழும் குடும்பங்கள் நம் சபைகளில் இல்லை என்று நாம் கூறிக்கொள்ள இயலாது. அத்தகைய குடும்பத்திலிருந்து ஒரு தாய் நம்மிடம் வந்து முறையிடும்போது, “கொஞ்சம் பொறுத்துக்கொள்ளம்மா, நீதிமன்றப் படி ஏற வேண்டாம், பேசிப் பார்ப்போம்” என்பதே பெரும்பாலும் நம் முதல் மறுமொழியாக இருக்கிறது. நாமும் இவ்வாறே ஒரு தாய்க்கு ஆலோசனை கூறினோம். அவள் இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்தாள். கணவன் திரும்பவும் இல்லை, பணம் அனுப்பவும் இல்லை. மூத்த மகன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வேலைக்குச் சென்றான். பின்னர் நீதிமன்றம் அவளுக்குச் சாதகமாக உத்தரவிட்டபோதும், பொறுத்திருந்த அந்த இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை. இதன் காரணத்தை அன்று நாம் அறியாதிருந்தோம். நம்மைப் போன்றோர் அதை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

முதலாவது, சட்டம் கூறுவது யாது? தன் பிள்ளையைப் பராமரிக்கப் போதிய வசதியிருந்தும் புறக்கணிப்பவர் மாதந்தோறும் ஒரு தொகை செலுத்த வேண்டும் என்று 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு கூறியது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. இது எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவானது. பெற்றோர் முறைப்படி மணந்தவரா இல்லையா என்பது பிள்ளையின் உரிமையைப் பாதிப்பதில்லை. 18 வயது நிறைந்த பின்னரும், உடற்குறையாலோ மனநலக் குறையாலோ தன்னைக் காத்துக்கொள்ள இயலாத பிள்ளைக்கு இவ்வுரிமை உண்டு. மணமான மகள் மட்டும் இதில் அடங்கமாட்டாள். முன்பு இருந்த மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பு 2001இல் நீக்கப்பட்டது.

இரண்டாவது, பராமரிப்பு மனு விவாகரத்து மனு அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியே நம்மிற் பலர் அஞ்சுகிறோம். பராமரிப்பு கேட்பதால் திருமண உறவு முறிவதில்லை. மேலும், 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின்படி, இருவரிடையே இணக்கம் காண முதலில் முயல்வது அந்நீதிமன்றத்தின் கடமையாகும். இணக்கத்திற்கு வாய்ப்பிருப்பின் வழக்கைச் சிறிது காலம் ஒத்திவைக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஆகவே மனு கொடுப்பது ஒப்புரவின் கதவை அடைப்பதாகாது.

மூன்றாவது, எங்கே செல்வது? குடும்பநல நீதிமன்றம் உள்ள இடங்களில் அங்கும், ஏனைய இடங்களில் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்திலும் மனு அளிக்கலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்போர் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையோ, வட்ட அளவிலுள்ள சட்டப்பணிகள் குழுவையோ நாடலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் அதிகாரச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். மனு எழுதுவதும், வழக்கறிஞரை அமர்த்துவதும், இருதரப்பாரையும் அழைத்துச் சமரசம் பேசுவதும் இவ்வமைப்புகளின் பணிகளாகும். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

நான்காவது, தொகை எவ்வாறு முடிவாகிறது? 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற வழக்கில் தெளிவான நெறிகளை வகுத்தது. இருதரப்பாரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் வெளிப்படுத்த வேண்டும். தாயும் போதிய வருமானம் உடையவராயின் பிள்ளையின் செலவை இருவரும் தத்தம் வருமானத்திற்கேற்பப் பகிர்ந்துகொள்ளலாம். பராமரிப்புத் தொகை மனு அளித்த நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும். இங்கேதான் நாம் முன்பு கூறிய தாயின் இழப்புக்கு விளக்கம் கிடைக்கிறது. மனுவுக்கு முந்திய மாதங்கள் இக்கணக்கில் சேர்வதில்லை. மனு அளித்தபின் இடைக்காலத் தொகையும் கேட்கலாம். எதிர்தரப்புக்கு அறிவிப்பு கிடைத்ததிலிருந்து இயன்றவரை 60 நாட்களுக்குள் அது முடிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம்.

ஐந்தாவது, உத்தரவிட்டும் செலுத்தாவிடில்? அபராதம் வசூலிக்கும் முறையில் அதனை வசூலிக்க நீதிமன்றம் ஆணையிடலாம். அதன் பின்னரும் நிலுவை இருப்பின், ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறையிடலாம். சிறை சென்றதால் கடன் தீர்ந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1988இல் தீர்ப்பளித்துள்ளது. ஆனால் இவ்வழியில் வசூலிக்க, தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இங்கும் தாமதம் பிள்ளைக்கே நட்டம்.

தந்தையின் பக்கத்தையும் நாம் மறத்தலாகாது. பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவோரும், பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்ட மறுப்போரும் உளர். இரண்டும் தவறே. பிள்ளையைக் காணும் உரிமைக்குத் தந்தை தனியே மனு அளிக்கலாம். 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் கீழ்ப் பிள்ளையின் நலமே அங்கு அளவுகோல். பராமரிப்புத் தொகை மனைவிக்குக் கிடைக்கும் பரிசும் அன்று, கணவனுக்கு விதிக்கப்படும் தண்டனையும் அன்று. அது பிள்ளையின் உணவு, உடை, பள்ளிக் கட்டணம்.

அவ்வாறாயின் போதகர் செய்யத்தக்கது யாது? திருமணப் பதிவேட்டின் சான்றுப் பிரதியைத் தயக்கமின்றி உடனே வழங்குவோம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக் கட்டண இரசீதுகள், மருத்துவச் சீட்டுகள், கணவர் பணிபுரியும் இடத்தின் விவரம் ஆகியவற்றைத் திரட்ட உதவுவோம். சட்டப்பணிகள் அலுவலகத்திற்குத் தனியே செல்லத் தயங்கும் தாயோடு சபையின் மூத்த பெண்மணி ஒருவரை அனுப்புவோம். ஒப்புரவுக்கான நம் உழைப்பையும் கைவிட வேண்டாம். இரண்டும் ஒரே காலத்தில் நடைபெறலாம். பெரியவர்கள் தங்கள் மனத்தாங்கலைத் தீர்த்துக்கொள்ள ஆண்டுகள் எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கோ ஜூன் மாதத்தில் தவணை வந்துவிடுகிறது.