லயன் வீட்டில் ஒரு பூனைக்குட்டி: மணல் பேசினும் பேன் சீப்பும்

வந்த முதல் இரவே குட்டி அடுப்புச் சாம்பலில் மூத்திரம் பெய்துவிட்டது. விடியக்காலை தேத்தண்ணி வைக்க எழுந்த அம்மாவுக்கு நாற்றத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது. "நாளைக்கும் இப்பிடி செஞ்சுச்சுன்னா தேயிலைக்குள்ள கொண்டுபோய் விட்டுருவேன்" என்றார். வெறும் மிரட்டல் இல்லை. ஹட்டன் பக்கத்தில் நாங்கள் இருக்கும் லயனில் பூனைக்குட்டிகள் பெரும்பாலும் அப்படித்தான் போய்ச் சேருகின்றன. திருடித் தின்றதற்காக விரட்டப்பட்டதை விட, வீட்டுக்குள் அசிங்கம் பண்ணியதற்காகத் தேயிலை மலையில் விடப்பட்டதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு வேறொரு காரணமும் இருந்தது. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 2008 கடைசியில் அங்கிருந்து நகர்ந்தபோது வீட்டுப் பூனையைப் பிடிக்க முடியவில்லை. செல் சத்தத்தில் அது கூரையேறிவிட்டது, உழவு இயந்திரம் காத்திருக்கவில்லை. மனிக் பாம் முகாமெல்லாம் கழிந்து மாமாவின் லயன் வீட்டுக்குத் திரும்பி வந்த பின்பும், "இனி இந்த வீட்டுல உசுருள்ளது எதுவும் வேணாம்" என்பதே அம்மாவின் பேச்சு. தங்கச்சியின் மகள் கொழுந்து மடுவத்துக்குக் கீழே கத்திக்கொண்டிருந்த குட்டியைப் பள்ளிக்கூடப் பையில் போட்டுக் கொண்டுவந்தது அந்த வீட்டுக்குத்தான்.

பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை, ஓர் இஸ்தோப்பு, அதன் ஒரு பக்கத்தை மறைத்துக் கட்டிய குசினி. அதற்குள் நாங்கள் நால்வர். தங்கச்சி வயிற்றில் ஐந்தாவது. கூரை அடுத்த வீட்டோடு ஒன்றாக ஓடுவதால் எங்கள் நாற்றம் எங்களோடு நிற்காது. குட்டி இருப்பதா போவதா என்பது அது எங்கே ஒதுங்குகிறது என்பதில் தங்கியிருந்தது.

அடுப்பில் ஏன் போனது? பூனை இயல்பிலேயே தோண்டி மூடும் பிராணி. ஏறக்குறைய 4 வாரம் வரை குட்டியால் தானாகக் கழிக்க முடியாது. தாய் வாலடியில் நக்கிவிட்டால்தான் கழிக்கும். அதன் பிறகு, காலால் கிளறக்கூடிய உலர்ந்த, பொலபொலப்பான இடத்தைத் தானே தேடத் தொடங்கும். சீமெந்துத் தரையும் ஈரமண் வாசலும் உள்ள வீட்டில், மழைநாளில் அப்படியொரு இடம் அடுப்பு மட்டுமே. அது சூடாகவும் இருந்தது. குட்டி செய்தது பிழையல்ல, நாங்கள் அதற்கு வேறு இடம் வைக்காததுதான் பிழை.

அமெரிக்காவிலும் ஒருகாலத்தில் பூனைக்குச் சாம்பலும் மணலும்தான். 1947இல் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவர், மணல் கேட்டு வந்த அயல்வீட்டுப் பெண்ணுக்கு உலர்ந்த களிமண் துகளைக் கொடுத்தார். இன்று நகரத்துக் கடைகளில் பையில் விற்கும் பூனை மணலின் கதை அங்கே தொடங்கியது. சாம்பலில் உள்ள தொல்லை, காலில் ஒட்டி வீடெல்லாம் கரித்தடம் பதிவது. அதைவிட, நனைந்த சாம்பல் காரமானது. பாதத்தில் ஒட்டியதைக் குட்டி நக்கினால் வாயும் வயிறும் புண்ணாகும். ஆகவே சாம்பலை வாசனைக்கு மட்டும் பயன்படுத்தினோம்.

எப்படியென்றால், பழைய பிளாஸ்டிக் பேசின் ஒன்றின் ஒரு பக்கத்தைக் குட்டி ஏறும் அளவுக்கு வெட்டி, விளிம்பை மெழுகுதிரியில் காட்டி மழுக்கினேன். சலித்து உலர்த்திய ஆற்றுமணலை 2 அங்குல உயரத்துக்குப் போட்டு, மேலே அது ஏற்கெனவே நனைத்த சாம்பலில் ஒரு கரண்டி தூவி, அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அடுப்பு வாயை இரவில் தகரத்தால் மூடினோம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடிந்ததும் குட்டியைத் தூக்கிப் பேசினில் விட வேண்டும். இந்த மூன்று வேளையையும் தவறவிடாவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதன் காலைப் பிடித்துக் கிளறிக் காட்டத் தேவையில்லை, பயந்துவிடும். மூன்றாம் நாள் அதுவாகவே ஏறியது. பிறகுதான் பேசினை நாளுக்கு ஓரடியாக இஸ்தோப்பு மூலைக்கு நகர்த்தினோம். ஒரேயடியாக மாற்றியிருந்தால் குட்டி பழைய இடத்துக்கே போயிருக்கும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் பேசினை வைக்கக் கூடாது. மனிதரைப் போலவே அதற்கும் அது பிடிக்காது.

இடையில் இரண்டு தரம் பாய்க்கடியில் போனது. மூக்கை அதில் தேய்ப்பதும் அடிப்பதும் எங்கள் ஊர் வழக்கம். அதனால் குட்டி கற்பது ஒன்றுதான்: நம் கண்ணில் படாத இடத்தில் போக வேண்டும். சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, வினாகிரி கொஞ்சம் கலந்த நீரால் துடைத்து, வெயிலில் போட்டால் போதும். மணம் மிஞ்சினால் திரும்ப அங்கேதான் வரும். டெட்டோல், லைசோல் போட வேண்டாம். அவற்றிலுள்ள பொருட்கள் பூனைக்கு நஞ்சு.

மணலுக்குப் பதிலாகத் தச்சுப்பட்டறை மரத்தூளும் நல்லது, மிகப் பொடியாக இல்லாவிட்டால். பக்கத்து வீட்டு அக்கா தொழிற்சாலைக் கழிவுத் தேயிலையைச் சொன்னார். இங்கே அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் தேயிலையில் கஃபீன் இருக்கிறது, அது பூனைக்கு ஆகாது. காலை நக்கும் பிராணியின் பேசினில் அதைப் போடக் கூடாது. பால் தேத்தண்ணியும் அப்படியே. வெறும் பசும்பாலே பல குட்டிகளுக்கு வயிற்றோட்டம் தரும், வயிற்றோட்டம் வந்த குட்டிக்குப் பேசினை எட்ட நேரம் இருக்காது. சோற்றில் உப்புப் போகக் கழுவி அவித்த நெத்தலியைப் பிசைந்து வைத்தோம், பக்கத்தில் தண்ணீர்.

பேசினை யார் சுத்தம் செய்வது? தங்கச்சி அல்ல என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். பூனையின் மலத்தில் டொக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வரலாம். கர்ப்பிணிக்குத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். இதைக் கேட்டதும் பூனையையே விரட்ட வேண்டியதில்லை. மலம் வெளியேறி ஒரு நாளாவது ஆன பின்பே அந்தக் கிருமி தொற்றும் நிலைக்கு வருகிறது. எனவே ஒவ்வொரு நாளும் வேறொருவர் அள்ளிவிட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் ஆபத்து வெகுவாகக் குறையும். அள்ளியதை லீக்ஸ் பாத்தியிலோ கானிலோ கொட்டாதீர்கள். மேல் லயன் கானில் ஓடுவது கீழ் லயன்காரர் பீலிக்கு வந்து சேரலாம். தள்ளி ஆழக் குழி வெட்டிப் புதைக்கிறேன். கர்ப்பிணிகள் தோட்டம் கொத்தினால் கையுறை போடுவதும் மரக்கறியை நன்றாகக் கழுவுவதும், வீட்டில் பூனை இல்லாவிட்டாலும் வேண்டியவை.

இனி உடம்புச் சுத்தம். பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் உண்டு, அதுதான் அதன் சீப்பு. ஆனால் எங்கள் குட்டி வந்தபோது 6 வாரம்தான் இருக்கும், கண்ணின் நீலம் முழுதாக மாறியிருக்கவில்லை. குட்டி குறைந்தது 8 வாரமாவது தாயோடு இருப்பது நல்லது. சீக்கிரம் பிரிந்ததற்கு நக்கிச் சுத்தம் செய்வது அரைகுறையாகத்தான் வரும். சாப்பிட்டதும் இளஞ்சூட்டு ஈரத்துணியால் முகத்தையும் வாலடியையும் துடைத்துவிட்டால் கொஞ்ச நாளில் அந்த வேலையை அது எடுத்துக்கொள்ளும்.

குளிப்பாட்ட வேண்டாம். நுவரெலியா, ஹட்டன் குளிரில் நனைந்த குட்டி உடம்புச் சூட்டைத் தாங்காது. தெள்ளுக்கு வீட்டில் இருக்கும் பேன் சீப்பே போதும். அடுப்படியில் மடியில் வைத்து, மயிர் போகும் திசையில் வாரி, வரும் தெள்ளைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்துக் கொல்ல வேண்டும். முதலில் ஒரு நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். அப்போதே காதையும் பாதத்தையும் தொட்டுப் பழக்கினால் பின்னால் மருந்து கொடுக்கச் சுலபம். மண்ணெண்ணெய், சூடம், நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்து எதுவும் கிட்டே வரக் கூடாது. முரசு வெளிறியிருந்தால் தெள்ளு இரத்தத்தைக் குடித்துவிட்டது என்று நினைத்து அரச மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வளர்ந்த பூனை நக்குவதை விட்டாலும் நோய்தான். பேசினில் உட்கார்ந்து முக்கியும் மூத்திரம் வராத ஆண் பூனைக்கு மறுநாள் வரை காத்திருக்க முடியாது, அன்றே போக வேண்டும்.

மூன்றாம் கிழமை ஒரு பின்னேரம் பேன் சீப்பைக் காணவில்லை. பிள்ளையின் தலைக்கு எடுத்திருப்பார்கள் என்று பார்த்தால், அம்மா அடுப்படியில் குந்தி, மடியில் குட்டியைப் போட்டு வாரிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இறக்கிவிட்டார். குட்டிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, வைக்க விடவுமில்லை. ஆனால் மழை தொடங்கியதிலிருந்து, பரணில் மாச்சாக்கு விரித்துப் பரப்பிய மணலைக் கிளறிப் பார்ப்பது அவர்தான். "மேல மட்டும்தான் காஞ்சிருக்கு, அடியில ஈரம்" என்று நேற்றும் எனக்கு ஏச்சு விழுந்தது.