வீட்டில் பிரசவமா, மருத்துவமனையிலா?

2025 ஏப்ரல் 5 அன்று கேரளாவின் மலப்புரத்தில் ஒரு முஸ்லிம் சகோதரி தன் ஐந்தாவது குழந்தையை வீட்டிலேயே பெற்றெடுத்தார். குழந்தை பிழைத்தது. தாய் அதிக ரத்தப்போக்கால் வஃபாத்தானார். கணவர் கைது செய்யப்பட்டார். 2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு பள்ளி ஆசிரியை வீட்டுப் பிரசவத்தில் இதேபோல் ரத்தப்போக்கால் உயிரிழந்தார். யூடியூப் காணொளிகளைப் பார்த்து அந்தப் பிரசவத்துக்கு முயன்றதாகச் செய்திகள் வந்தன.

"நம் பாட்டிமார் எல்லோரும் வீட்டில்தானே பெற்றார்கள்?" என்ற கேள்வி நம் குடும்பங்களில் இன்றும் எழுகிறது. பிழைத்தவர்களே கதை சொல்ல இருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ரத்தப்போக்கு ஏன் ஆபத்து?

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்குச் சுமார் அரை லிட்டர் ரத்தம் பாய்கிறது. குழந்தையும் நஞ்சும் வெளிவந்ததும் கருப்பை இறுகச் சுருங்கி ரத்தக் குழாய்களை அடைக்க வேண்டும். அது சுருங்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உயிர் போகலாம். பல பிள்ளைகள் பெற்றவருக்கு இந்த ஆபத்து கூடும். எனவே முந்தைய பிரசவங்கள் சுகமாக முடிந்தன என்பது இந்தப் பிரசவத்துக்கு உத்தரவாதம் ஆகாது. மருத்துவமனையில் குழந்தை பிறந்த உடனே ஆக்சிடோசின் ஊசி போடுகிறார்கள். தேவைப்பட்டால் ரத்தமும் ஏற்றுகிறார்கள்.

வெளிநாட்டில் நடக்கிறதே?

இங்கிலாந்தில் வீட்டுப் பிரசவத்துக்கு அனுமதி உண்டு. ஆனால் அங்கே ஆபத்துக் குறைந்த தாய்மாருக்கே அதைப் பரிந்துரைக்கிறார்கள். பயிற்சி பெற்ற மருத்துவச்சி மருந்துகளுடன் வீட்டுக்கு வருகிறார். அப்படியிருந்தும் 2011இல் வெளியான ஆய்வில், முதல் பிரசவத்தை வீட்டில் தொடங்கிய 100 பேரில் சுமார் 45 பேரை மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தது.

நம் தயக்கங்கள்

சிசேரியன் பயம் நியாயமானதே. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளில் சுமார் 64 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் சுமார் 36 சதவீதம் சிசேரியன் பிரசவங்கள். ஆகவே எங்கே பெறுவது என்பதை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். "அறுவை ஏன் தேவை?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டிலேயே இருந்துவிடுவது இதற்குத் தீர்வல்ல.

பர்தாவைப் பொறுத்தவரை, ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பெண் செவிலியர்களே. பெண் மருத்துவர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். பெண் மருத்துவர் கிடைக்காத நிர்பந்தத்தில் ஆண் மருத்துவர் சிகிச்சை அளிப்பதை மார்க்க அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். பிரசவத்தில் இறக்கும் பெண்ணுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்ற ஹதீஸ் குடும்பத்துக்கு ஆறுதல். ஆபத்தைத் தேடிப்போக அது அனுமதி அல்ல. ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் வைக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள்.

நம் கரையோரக் குடும்பங்கள் செய்ய வேண்டியவை

- கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து ஆர்.சி.எச். எண் பெறுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அது தேவை.
- ரத்தசோகை, ரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்.
- திருவிடந்தை, கோவளம், மாமல்லபுரம் பகுதியினர் எந்த மருத்துவமனை, எந்த வழி என்பதை எட்டாம் மாதத்திலேயே முடிவு செய்யுங்கள். சிக்கலான பிரசவத்துக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசலையும் கணக்கில் எடுத்து, வலி தொடங்கியதும் கிளம்புங்கள்.
- அவசரத்துக்கு 108. பிரசவத்துக்குப் பின் தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுவந்து விட 102. இரண்டும் இலவசம். அரசு மருத்துவமனையில் சிசேரியனும் இலவசமே.

இந்த முடிவைப் பெரும்பாலும் கணவரும் மாமியாரும் எடுக்கிறார்கள். உயிரைப் பணயம் வைப்பவர் அந்தப் பெண். முதலில் அவரிடம் கேளுங்கள். அவருடைய உயிர் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.