ஏ-00 கால்வழியும் பாண்டு மொழிகளின் தாயகமும்

ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது. அதன் பெரும்பகுதி பிற குரோமோசோம்களோடு கலப்பதில்லை. தலைமுறைதோறும் படியெடுக்கப்படும்போது அரிதாக நேரும் பிறழ்வுகளே அதில் சேர்கின்றன. ஏடெழுதுவோரின் பிழைகளைக் கொண்டு மூலபாட ஆய்வாளர் சுவடிக் குடும்பங்களை வகுப்பது போல, இப்பிறழ்வுகளைக் கொண்டு மரபணுவியலார் தந்தைவழிக் கால்வழிகளை வகுக்கின்றனர்.

இன்று வாழும் மாந்தரிடம் அறியப்பட்ட அத்தகைய கால்வழிகளுள் மிக முற்படப் பிரிந்தது ஏ-00 எனப்படும் அரிய கிளையாகும். ஆப்பிரிக்க வழி அமெரிக்கர் ஒருவரிடம் கண்டறியப்பட்ட இது 2013-இல் வெளியிடப்பட்டது. மேற்குக் கேமரூனின் ம்போ இனத்தார் 11 பேரிடமும் இஃது இருந்தமை அவ்வாய்வாலேயே தெரியவந்தது. பிரிவின் காலம் முதலில் 3,38,000 ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டது. பிறழ்வு வீதம் பற்றிய மறுப்புகள் எழுந்தபின், ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஆண்டுகள் என்னும் கணிப்புகள் வந்தன. வீதம் மாறின் காலமும் மாறும்; சொற்புள்ளியியலால் மொழிப் பிரிவுகளுக்குக் காலங்கணித்தோர் எதிர்கொண்ட இடரும் இதுவே.

மொழியியலார்க்கு இதனினும் இன்றியமையாதது ஷும் லாக்கா பாறைக்குகைச் சான்றாகும். கேமரூனின் வடமேற்குப் புல்வெளிப் பகுதியிலுள்ள இக்குகையில் புதைக்கப்பட்ட சிறார் நால்வரின் மரபணுக்கள் 2020-இல் வெளியிடப்பட்டன. இருவர் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கும், ஏனை இருவர் 3,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டோர். முன்னைய இருவருள் வளரிளம் பருவத்தான் ஒருவனிடம் ஏ-00 காணப்பட்டது.

கிரீன்பெர்க், பாண்டு மொழிகளின் தாயகத்தை நைஜீரியா-கேமரூன் எல்லைப் பகுதியிலேயே வைத்தார். கத்ரீ உடன்படாவிடினும் பெரும்பாலார் அதனை ஏற்றனர். ஆகவே குகையில் வாழ்ந்தோரே பாண்டு மொழியினரின் முன்னோராவர் எனக் கருதுதல் இயல்பு. ஆயின் மரபணுச் சான்று அதற்கு இடந்தரவில்லை. ஐயாயிரம் ஆண்டு இடைவெளியிலும் அந்நால்வரும் தம்முள் ஒத்திருந்தனர். இன்றைய பாண்டு மொழியினருள் பெரும்பாலார் அவர்தம் வழியினரல்லர். இதனால் கிரீன்பெர்க்கின் கொள்கை வீழ்ந்துவிடவில்லை. ஒரே நிலப்பகுதியில் வேறுபட்ட மக்கள் அருகருகே வாழ்ந்திருக்கக் கூடுமன்றோ?

ம்போ மக்கள் இன்று பேசுவது பாண்டு மொழியே. அவர்களுட் சிலரது தந்தைவழியோ பாண்டு மொழிகள் தோன்றுதற்கு நெடுங்காலம் முன்னரே பிரிந்தது. எனவே 'ஏ-00 மக்கள்' என ஓரினம் இருந்தாற்போல மொழிபெயர்ப்பது பிழையாகும். 'ஒய் குரோமோசோம் ஆதாம்' என்னும் வழக்கும் அத்தகையதே. அது முதல் மனிதனைக் குறிப்பதன்று. அக்காலத்து வாழ்ந்த ஆடவர் பலருள், இன்றுவரை அறுபடாத தந்தைவழியினை உடைய ஒருவனையே குறிக்கும்.