ஊசியும் நூலும் இன்றும் வேண்டுமா?

(பத்தாம் வகுப்பு மாணவி)

விஞ்ஞானம் விரைந்து முன்னேறும் இக்காலத்தில் பொத்தானை அழுத்தினால் வேலை முடிகிறது. உடை வேண்டுமென்றால் கடைக்குப் போகிறோம். கடைக்குப் போகவும் நேரமில்லையென்றால் கைபேசியைத் தொட்டு வீட்டுக்கே வரவழைக்கிறோம். இந்நிலையில் ஒரு நூற்கண்டையும் ஊசியையும் கையில் வைத்துக்கொண்டு, கண்ணி கண்ணியாகப் பின்னிக்கொண்டிருப்பது வீண் வேலையா, பயனுள்ள பொழுதுபோக்கா என்ற கேள்வி நம்மில் பலருக்கு எழுவது இயல்பே. அதிலும் நம் திருப்புலிவனத்தின் கத்திரி வெயிலில் கம்பளிச் சட்டை பின்னுகிறோம் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிப்பவர்களுக்கு விடை கூறுமுன், இக்கலை எத்தகையது, எங்கிருந்து வந்தது, இன்று எப்படி வாழ்கிறது என்பவற்றைச் சற்று அறிந்துகொள்வோம்.

நெசவு வேறு, பின்னல் வேறு

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் வாழும் நமக்குத் தறியைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நீளவாட்டில் பாவு, குறுக்குவாட்டில் ஊடை என இருவகை நூல்கள் ஒன்றன் மேலும் கீழுமாகச் செல்வதால் உண்டாவது நெய்த துணி. புடவையும் வேட்டியும் அப்படிப்பட்டவை. அவற்றை இழுத்தால் அதிகம் நீளாது.

நிட்டிங் என்னும் ஊசிப் பின்னலில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரே நூல் வளையம் வளையமாக மாறி, ஒரு வளையத்துக்குள் மற்றொரு வளையம் நுழைந்து துணியாகிறது. அந்த வளையங்கள் இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். நம் தம்பிமார் தலை வழியாக மாட்டும் பனியன் கிழியாமல் விரிந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும் இரகசியம் இதுதான். ஆம், பனியன் துணியும் நிட்டிங்தான்! கத்திரி வெயிலில் பின்னலாடை எதற்கு என்று கேட்பவரே உள்ளே பின்னலாடைதான் அணிந்திருக்கிறார்.

குரோஷா என்பது இன்னொரு வகை. நிட்டிங்கில் இரண்டு ஊசிகள். ஒரு வரிசையிலுள்ள கண்ணிகள் எல்லாம் ஊசியிலேயே காத்திருக்கும். குரோஷாவில் நுனியில் கொக்கியுள்ள ஒரே ஊசி. பெரும்பாலும் அதில் ஒரே ஒரு கண்ணிதான் இருக்கும். ஒவ்வொரு கண்ணியையும் அவ்வப்போது முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதால், வேலையை எந்தப் பக்கமும் திருப்பலாம். வட்டமாகச் சுற்றலாம், பூவாக விரிக்கலாம், வலைபோல் இடைவெளி விடலாம். ஆலயத்தில் பீடத் துணியின் ஓரத்தில் தொங்கும் லேஸையும், பால் பாத்திரத்தை மூட நம் பாட்டிமார் ஓரத்தில் மணி கோத்துச் செய்த வலைமூடியையும் நினைத்துப் பாருங்கள். குரோஷாவுக்குக் கம்பளி தேவையில்லை. நம் வெப்பத்துக்கு ஏற்ற பருத்தி நூலே போதும்.

துறவியர் வளர்த்த கலை

நிட்டிங் மிகப் பழையது. எகிப்து நாட்டில் பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட பருத்திக் காலுறைகள் கிடைத்துள்ளன. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் கலைக்கூடத்தில் சுமார் 1400-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பலிபீட ஓவியம் இருக்கிறது. மாஸ்டர் பெர்ட்ராம் என்னும் ஓவியருடையதாகக் கருதப்படும் அப்படத்தில், நம் தேவதாய் உட்கார்ந்து குழந்தை இயேசுவுக்குத் தையலில்லாத சட்டை ஒன்றை ஊசிகளால் பின்னிக்கொண்டிருக்கிறார். அக்காலத் தாய்மார் இவ்வேலையை எவ்வளவு மதித்திருந்தால், அன்னை மரியாளின் திருக்கரங்களில் ஓவியர் அதனைக் கொடுத்திருப்பார்!

குரோஷாவின் வரலாற்றில் மறக்க முடியாத இடம் அயர்லாந்து. 1845-இல் அந்நாட்டில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதையே உண்டு வாழ்ந்த ஏழை மக்கள் இலட்சக்கணக்கில் பட்டினியாலும் காய்ச்சலாலும் மடிந்தனர். இலட்சக்கணக்கானோர் கப்பலேறி அயல்நாடுகளுக்குச் சென்றனர். அப்பஞ்ச காலத்தில் கன்னியர் மடங்களில் அருட்சகோதரிகள் பெண்களுக்கும் சிறுமியர்க்கும் குரோஷா லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தனர். ஒரு கொக்கி ஊசியும் சிறிது நூலும் பல குடும்பங்களுக்கு உணவாயின. ‘ஐரிஷ் குரோஷா’ என்று உலகம் புகழும் அழகிய லேஸின் பின்னால் இப்படியொரு துயரம் இருக்கிறது.

நம் தமிழகத்திலும் இதையொத்த வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாகர்கோவிலில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் படிப்போடு லேஸ் பின்னலையும் கற்பித்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. லேஸ் விற்ற பணத்தைக் கொண்டு சில பெண்கள் தங்கள் விடுதலையையே பெற்றனர் என்று மிஷன் வரலாறு கூறுகிறது. 1897-இல் பெல்ஜியம் நாட்டிலிருந்து முளகுமூட்டுக்கு வந்த மதர் மேரி லூயிஸ் தெ மேஸ்தர், அனாதைக் குழந்தைகளைப் பேணும் பணியைத் தொடங்கினார். அந்த மடத்துச் சகோதரிகளிடம் கற்ற பெண்களின் கைகளால் முளகுமூட்டு லேஸும் பூவேலையும் புகழ் பெற்றன. இந்த லேஸ்கள் பெரும்பாலும் சிறு கட்டைகளில் நூலைச் சுற்றி, திண்டின் மேல் வைத்துப் பின்னுபவை, குரோஷாவுக்கு உறவுமுறையானவை.

இயந்திரம் வென்றதும் வெல்லாததும்

1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் கதி என்னாகும் என்று அஞ்சி, முதலாம் எலிசபெத் அரசி அதற்கு உரிமம் தர மறுத்தார் என்பார்கள். ஆயினும் இயந்திரம் நிற்கவில்லை. இன்று நம் திருப்பூரில் சுழலும் நிட்டிங் இயந்திரங்கள் உலகெங்கும் பனியனும் டீ-ஷர்ட்டும் அனுப்புகின்றன. ஒரு வரிசைக் கண்ணிகளுக்கு ஒவ்வோர் ஊசியாக வைத்து, எல்லாவற்றையும் ஒருசேர இயக்க முடிவதால் நிட்டிங்கை இயந்திரம் எளிதில் வென்றுவிட்டது.

குரோஷாவை அது அவ்வாறு வெல்லவில்லை. கொக்கியானது ஒவ்வொரு முறையும் முடிந்த வேலையின் வெவ்வேறு இடத்தில் நுழைந்து நூலை இழுத்து வர வேண்டும். கண்ணும் விரலும் சேர்ந்து செய்யும் இவ்வேலைக்கு ஆராய்ச்சிக்கூடங்களில் மாதிரி இயந்திரங்கள் முயன்று பார்க்கப்பட்டுள்ளன. ஆனால் கைக்குரோஷாவைத் தொழிற்சாலையில் அப்படியே செய்து குவிக்கும் இயந்திரம் இன்னும் வரவில்லை. கடைகளில் குரோஷா என்று தொங்குபவற்றில் சில, அதைப் போலத் தோன்றும் இயந்திர நிட்டிங். உண்மையான குரோஷாவாக இருந்தால், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் பின்னியது. அந்த ‘யாரோ’ யார் என்று நாம் கேட்க வேண்டாமா?

‘பொழுதுபோக்கு’ என்ற சொல்

இதற்கு விடை தேட நாம் அதிக தூரம் போக வேண்டியதில்லை. ஆந்திர மாநிலத்தில், கோதாவரி பாயும் நர்சாபூர் வட்டாரத்தில், 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுத் தந்தனர். இன்றும் அங்கே வீடுதோறும் பெண்கள் குரோஷா பின்னுகின்றனர். அவர்கள் கைவேலை கடல் கடந்து விற்கப்படுகிறது. 2024-இல் நர்சாபூர் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இப்பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியல் அறிஞர் நேரில் ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். சமையல், தண்ணீர், குழந்தைகள் என்று வீட்டு வேலைகள் எல்லாம் செய்துவிட்டு, நாள்தோறும் பல மணி நேரம் அப்பெண்கள் லேஸ் பின்னினர். கிடைத்ததோ மிகச் சொற்பக் கூலி. ஏற்றுமதி செய்தவர்கள் இலாபம் அடைந்தனர். இவ்வளவு குறைந்த கூலிக்குக் காரணம் ஒரு சொல்லே என்று அந்நூல் நமக்கு உணர்த்துகிறது. ‘இவர்கள் வேலை செய்பவர்கள் அல்லர், வீட்டில் இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகப் பின்னுகிறார்கள்’ என்று எல்லோரும் கருதினர். பொழுதுபோக்குக்கு யார் முழுக்கூலி தருவார்?

எனவே பின்னல் பயனுள்ள பொழுதுபோக்கா என்று கேட்கும்போது, அது யாருக்குப் பொழுதுபோக்கு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நம் தங்கையின் பிறந்த நாளுக்காக ஒரு கைப்பை பின்னினால் அது பொழுதுபோக்கு, அன்பளிப்பு. அதே கைப்பையை ஒரு பெண் விற்பதற்காகப் பின்னினால் அது உழைப்பு. உழைப்புக்கு உரிய கூலி வேண்டும். பின்னிப் பார்த்தவர்களுக்குத்தான் ஒரு சாண் லேஸ் எத்தனை மணி நேரத்தை விழுங்கும் என்பது தெரியும். அவர்கள் கைவேலைப் பொருளை வாங்கும்போது அநியாயமாகப் பேரம் பேச மாட்டார்கள்.

திருவிவிலியத்தில் நீதிமொழிகள் நூலின் 31-ஆம் அதிகாரம் நம் பள்ளியில் எல்லோரும் அறிந்ததே. ஆட்டு மயிரும் சணலும் தேடிக் கொணர்ந்து, தன் கைகளால் ஊக்கமுடன் வேலை செய்யும் பெண்ணை அது புகழ்கிறது. அப்புகழ்ச்சியோடு அது நின்றுவிடவில்லை. அவள் கைகளின் பலனை அவளுக்கே கொடுக்கச் சொல்லி முடிகிறது. முதற்பகுதியை நாம் பெண்களுக்கு அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். முடிவையும் அதே அளவு உரக்கச் சொல்ல வேண்டும்.

நமக்கு என்ன பயன்?

முதற்பயன், கணக்கு. எத்தனை கண்ணிகள், எந்த வரிசையில் கூட்டுவது, எங்கே குறைப்பது என்று எண்ணாமல் பின்ன முடியாது. புள்ளி எண்ணிக் கோலம் போடத் தெரிந்த நமக்கு இது எளிது. இவ்வேலை உயர்கணிதத்துக்கே உதவியிருக்கிறது. ‘அதிபரவளைவுத் தளம்’ என்னும் விந்தையான பரப்பைக் காகிதத்தில் செய்தால் எளிதில் கிழிந்துபோகும். 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித அம்மையார், ஒவ்வொரு வரிசையிலும் ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக் குரோஷாவால் அதனைச் செய்து காட்டினார். ஓரமெல்லாம் கீரையிலை போல் சுருண்டு நின்ற அதனை மாணவர்கள் கையில் எடுத்துப் பார்த்தே கற்றனர்.

இரண்டாவது, பொறுமை. பத்து வரிசைக்குக் கீழே ஒரு கண்ணி தவறியிருந்தால், அதுவரை பிரித்துவிட்டு மீண்டும் பின்ன வேண்டும். ஆனால் நூல் வீணாவதில்லை. துணியைத் தவறாக வெட்டினால் வெட்டியதுதான். பின்னலில் திருந்த எப்போதும் வழியுண்டு. தேர்வு நெருங்கும் நாட்களில் அரைமணி நேரம் பின்னினால் மனம் அமைதியடைகிறது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் தங்கம் வென்ற இங்கிலாந்து நீச்சல்குளப் பாய்ச்சல் வீரர் டாம் டேலி, பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து பின்னிக்கொண்டிருந்ததை உலகமே தொலைக்காட்சியில் கண்டது. இது பெண்பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய வேலை என்று எண்ணுபவர்கள் அவரை நினைவில் கொள்க. பழங்கால ஐரோப்பாவில் பின்னல் தொழிற்சங்கங்களை நடத்தியவர்களும் ஆண்களே.

மூன்றாவது, கூட்டு முயற்சி. 2016 ஜனவரியில் சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்ற குழுவினர், பல கைகள் தனித்தனியே பின்னிய துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷா போர்வையை உருவாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தனர். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர்! ஒருவராகப் பின்னினால் ஆயுள் போதாது.

நான்காவது, ஈகை. 1962-இல் சீனப் படையெடுப்பின்போது, இமயத்தின் பனியில் நின்ற நம் ஜவான்களுக்காக நாடெங்கும் தாய்மாரும் மாணவியரும் கம்பளி ஆடைகள் பின்னி அனுப்பினர். திருத்தூதர் பணிகள் நூலில் வரும் தபித்தா, கைம்பெண்களுக்கு ஆடைகள் செய்து தந்ததாலன்றோ அவர்கள் அழுது நின்றனர்! நாமும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கோடையிலும் உடற்சூடு குறையாமல் காக்கத் தலைக்குத் தொப்பி வேண்டும். ஒரு சிறு தொப்பிக்குத் தேவைப்படும் நூல் மிகக் கொஞ்சம்.

தொடங்குவது எப்படி?

எடுத்த எடுப்பிலேயே ஸ்வெட்டரில் இறங்க வேண்டாம். சற்றே தடித்த, வெளிர் நிறப் பருத்தி நூலும் அதற்கேற்ற கொக்கி ஊசியும் போதும். கறுப்பு நூலில் கண்ணிகள் தெரியா. முதலில் இருபது கண்ணிச் சங்கிலி. பிறகு உள்ளங்கை அளவு சதுரம். அதன்பின் தண்ணீர்ச் சொம்பின் கீழ் வைக்கும் விரிப்பு. நூலை விரலில் இறுக்கிப் பிடித்தால் ஊசி நுழையாது. தளர விட்டால் வேலை தொளதொளக்கும். இந்த அளவு புத்தகத்தால் வராது. தெரிந்தவர் அருகில் அமர்ந்து பழக வேண்டும். நம் வீட்டில் பாட்டிக்கோ அத்தைக்கோ ஒயர் கூடை பின்னத் தெரிந்திருக்கும். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கை தானாகவே வழி சொல்லும்.

முடிவுரை

விலையை மட்டும் கணக்கிட்டால் கடைப் பொருளே மலிவு. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு பொருள் எப்படி உண்டாகிறது என்பதைத் தன் விரல்களால் அறிந்த பெண், அதைச் செய்தவரை மதிக்கக் கற்றுக்கொள்கிறாள். நாளை தன் உழைப்புக்கு யாரேனும் ‘பொழுதுபோக்கு’ என்று பெயரிட்டால் மறுத்துப் பேசவும் கற்றுக்கொள்கிறாள். அதற்காகவேனும் ஊசியும் நூலும் இன்றும் வேண்டும். தோழிகளே, இந்தக் கோடை விடுமுறையில் ஒரு நூற்கண்டு வாங்குவோம். முதலில் பின்னுவதை யாருக்காவது பரிசளிப்போம். அடுத்தவர் பின்னியதை வாங்கும்போது உரிய விலை கொடுப்போம்.