இலக்கமில்லா ஆசனமும் மலிவு விமானமும்: வர்த்தகர்கள் கவனத்துக்கு

புத்தளம் பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ் வந்து நின்றதும் என்ன நடக்கும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஏறும் முன்பே ஜன்னலினூடாக ஒரு கைக்குட்டை உள்ளே விழும். குடை விழும், பத்திரிகை விழும், சில வேளைகளில் பிள்ளையின் பாடசாலைப் பை கூட விழும். அது விழுந்த ஆசனம் போட்டவருக்குரியது என்பது எழுதப்படாத சட்டமாகும்.

விமானத்தில் இந்த நிலை இருக்காது என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் உலகின் மிகப் பெரிய மலிவு விமான நிறுவனங்கள் சில, நீண்ட காலமாக இதே முறையில்தான் இயங்கின. போர்டிங் பாஸில் ஆசன இலக்கம் இருக்காது. முதலில் ஏறுபவர் விரும்பிய இடத்தில் அமரலாம். ஆங்கிலத்தில் 'ஓபன் சீட்டிங்' அல்லது 'ஃப்ரீ சீட்டிங்' எனப்படும் இம்முறை இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆயினும் அது ஏன் வந்தது, ஏன் போனது, அதன் இடத்துக்கு இப்போது என்ன வந்திருக்கிறது என்பவற்றை அறிந்து வைத்திருப்பது, சரக்கு எடுக்கச் சென்னைக்கும் துபாய்க்கும் போய்வரும் நம் வர்த்தகர்களுக்குப் பணத்தை மிச்சப்படுத்தும் விடயமாகும்.

இலக்கம் ஏன் கொடுக்கவில்லை?

அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் எயார்லைன்ஸ் 1971 ஜூன் மாதம் டெக்சாஸ் மாநிலத்தில் தனது சேவையை ஆரம்பித்தது. அடுத்த வருடமே பணத் தட்டுப்பாடு காரணமாகத் தன்னிடமிருந்த நான்கு போயிங் 737 விமானங்களில் ஒன்றை விற்க நேர்ந்தது. ஆனால் நான்கு விமானங்களுக்காகப் போட்ட நேர அட்டவணையை மூன்றைக் கொண்டே ஓட்ட அந்நிறுவனம் முடிவு செய்தது. அதற்காகத் தரையிறங்கிய விமானத்தை 10 நிமிடத்தில் மீண்டும் கிளப்ப வேண்டியிருந்தது. ஆசன இலக்கம் தேடி நடைபாதையில் நின்று தடுமாறும் பயணிகளோடு அதைச் செய்ய முடியாது.

இதிலுள்ள கணக்கு நமக்குப் புதியதல்ல. கற்பிட்டியிலிருந்து மரக்கறி ஏற்றி பேலியகொடை மெனிங் சந்தைக்குப் போகும் லொறி, இறக்கும் இடத்தில் அரை நாள் நின்றால் அன்றைய நட்டம் முதலாளிக்குத்தான். சக்கரம் உருளும்போதுதான் லொறி உழைக்கிறது. விமானமும் அப்படியே. தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் செலவு மட்டுமே.

அண்டை நாடான இந்தியாவில் இம்முறையைப் பரவலாக்கியது எயார் டெக்கான் நிறுவனமாகும். முன்னாள் இராணுவ அதிகாரியான கப்டன் ஜி.ஆர். கோபிநாத் அதனை ஆரம்பித்தார். 2003 ஆகஸ்ட் மாதம் பெங்களூருக்கும் ஹுப்ளிக்கும் இடையே அதன் முதல் சேவை பறந்தது. சென்னையில் இறங்கி, உள்நாட்டு விமானம் பிடித்துச் சரக்கெடுக்கப் போன நம்மவர்களில் சிலருக்கு, கதவு திறந்ததும் எல்லோரும் விமானத்தை நோக்கி விரைந்த அந்தக் காட்சி நினைவிருக்கலாம். மலேசியாவின் எயார் ஏசியாவும் ஆரம்ப காலத்தில் ஆசன இலக்கம் இன்றியே பயணிகளை ஏற்றியது.

ஏன் கைவிட்டார்கள்?

எயார் ஏசியா 2009 பெப்ரவரியில் ஆசன இலக்க முறைக்கு மாறியது. பிரித்தானியாவின் ஈஸிஜெட் 2012 நவம்பரிலும் அயர்லாந்தின் ரயன்எயார் 2014 பெப்ரவரியிலும் மாறின. எயார் டெக்கான் 2007இல் கிங்ஃபிஷர் நிறுவனத்தின் பிடிக்குள் சென்று, மறு வருடம் பெயரையும் இழந்தது. இறுதிவரை நின்ற பெரிய நிறுவனம் சவுத்வெஸ்ட். அதுவும் 2024 ஜூலையில் மாற்றத்தை அறிவித்து, 2026 ஜனவரி 27ஆம் திகதி முதல் ஆசன இலக்கம் வழங்கத் தொடங்கியது.

தன் பயணிகளில் 80 சதவீதமானோர் இலக்கமிட்ட ஆசனத்தையே விரும்புகின்றனர் என்பது சவுத்வெஸ்ட் கூறிய காரணமாகும். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதனோடு சேர்ந்த இன்னொரு காரணத்தையும் வியாபாரி கவனிக்க வேண்டும். இலக்கமில்லாத ஆசனத்தைத் தனியாக விற்க முடியாது. இலக்கம் போட்டுவிட்டால் ஜன்னலோர ஆசனத்துக்கு ஒரு விலை, முன்வரிசைக்கு ஒரு விலை, கால் நீட்ட வசதியுள்ள ஆசனத்துக்கு இன்னொரு விலை என்று பிரித்து விற்கலாம். ஒரு காலத்தில் டிக்கெட்டோடு சும்மா கிடைத்த ஒன்று, இன்று தனிச் சரக்காகிவிட்டது.

ஆகவே இன்று மலிவு விமானங்களில் நடப்பது இதுதான். பணம் கொடுத்து ஆசனத்தைத் தெரிவு செய்யலாம். கொடுக்காவிட்டால் செக்-இன் செய்யும்போது கணினி ஏதோ ஓர் ஆசனத்தை ஒதுக்கும். மூன்று பேர் ஒன்றாக டிக்கெட் எடுத்தாலும் மூவரும் மூன்று மூலைகளில் அமர நேரலாம்.

இலக்கமின்றி ஏற நேர்ந்தால்

இலக்கமில்லா ஆசன முறை முற்றாக ஒழிந்துவிடவில்லை. மாலைதீவு ஹோட்டல்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்போர் அங்குள்ள கடல் விமானங்களில் இதனைக் காணலாம். ட்வின் ஒட்டர் எனப்படும் அந்தச் சிறு விமானங்களில் ஏறக்குறைய 15 பேரே செல்லலாம். பொதுவாக அங்கே ஆசன இலக்கம் இல்லை. பகல் வெளிச்சத்தில் மட்டுமே அவை பறக்கும். மாலைதீவில் பின்னேரம் பிந்தித் தரையிறங்கினால், அன்றிரவு தலைநகரில் தங்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவ்வாறான பயணங்களில் பின்வருவனவற்றை மனதில் வைத்திருப்பது நல்லது.

1. நேரத்தோடு வரிசையில் நில்லுங்கள். இலக்கமில்லா விமானத்தில் நேரம்தான் விலை. கடைசியில் ஏறுபவருக்கு மூன்று ஆசனங்களின் நடு ஆசனமே மிஞ்சும்.

2. கைப்பையைப் பற்றி முதலில் யோசியுங்கள். பிந்தி ஏறுபவருக்கு ஆசனம் கட்டாயம் கிடைக்கும், ஆனால் மேல்தட்டில் பை வைக்க இடம் கிடைக்காமல் போகலாம். அப்போது பையை வாங்கி விமானத்தின் அடியில் போட்டுவிடுவார்கள். அவ்வாறு கொடுக்கும் முன் கடவுச்சீட்டு, பணம், மருந்து, கடைக் கணக்குப் பத்திரங்கள், கைத்தொலைபேசிக்கான பவர் பேங்க் ஆகியவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். பவர் பேங்கை அடியில் போகும் பொதியில் வைக்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதியாகும்.

3. எந்தக் கதவால் ஏற்றுகிறார்கள் என்று பாருங்கள். படிக்கட்டு வைத்து முன், பின் இரு கதவுகளையும் திறந்தால் கூட்டம் முன்னால்தான் நெருக்கும். பின் கதவால் ஏறினால் பின்பாதியில் நல்ல ஆசனம் எளிதில் கிடைக்கும். சென்னைக்கும் பலாலிக்கும் இடையே பறக்கும் ஏ.டி.ஆர். வகை விமானங்களில் பயணிகள் ஏறுவதும் இறங்குவதும் பின் கதவாலேயே. அவ்வகை விமானத்தில் முதலில் இறங்க விரும்புபவர் பின்னால் அமர வேண்டும், முன்னால் அல்ல.

4. அவசர வழி வரிசையில் கால் நீட்ட இடம் உண்டு. ஆனால் சிறுவர்கள், கர்ப்பிணிகள், நடமாட இயலாதோர் அங்கே அமர அனுமதியில்லை. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அங்கே காலடியில் பை வைக்கவும் விடமாட்டார்கள். கடைசி வரிசை ஆசனங்கள் பல விமானங்களில் பின்னால் சாயாது. மலசலகூடமும் அருகிலிருக்கும்.

5. சிறு விமானத்தில் பணியாளர் இடம் மாறச் சொன்னால் வாதிட வேண்டாம். விமானத்தின் எடையைச் சமநிலைப்படுத்தவே அவ்வாறு கேட்கின்றனர். மாலைதீவுக் கடல் விமானங்களில் வழமையான அளவு பொதிக்கு 20 கிலோவும் கைப்பைக்கு 5 கிலோவும் மாத்திரமே. எடை கூடினால் பொதி அடுத்த விமானத்தில் வந்து சேரவும் கூடும். மாதிரிச் சரக்குக் காட்டப் போகிறவர் அதனைக் கைப்பையிலேயே எடுத்துச் செல்லட்டும்.

கணினி ஒதுக்கும் ஆசனத்தில்

சென்னை, திருச்சி, துபாய் போன்ற வழிகளில் மலிவு டிக்கெட்டில் போவோர் பெரும்பாலும் சந்திப்பது இந்த இரண்டாவது முறையையே. இதற்கும் சில வழிகள் உள்ளன.

ஒன்று, இணையவழிச் செக்-இன் எப்போது திறக்கிறது என்பதை டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். சில நிறுவனங்கள் விமான நிலையத்தில் வந்து செக்-இன் செய்வதற்கே பணம் அறவிடுகின்றன.

இரண்டு, ஒன்றாகச் செல்வோர் ஒரே முன்பதிவில் டிக்கெட் எடுங்கள். தனித்தனியே எடுத்தால் நீங்கள் ஒரு குழு என்பது கணினிக்குத் தெரியாது. சிறு பிள்ளைகளோ வயதான பெற்றோரோ உடன் இருந்தால், கவுண்டரில் பண்பாக எடுத்துச் சொல்லுங்கள். இடமிருந்தால் பெரும்பாலும் உதவுவார்கள்.

மூன்று, உம்றாவுக்கோ மருத்துவத்துக்கோ பெண்களை அழைத்துச் செல்வோர் ஆசனக் கட்டணத்தை வீண் செலவாக எண்ண வேண்டாம். அந்நிய ஆண்கள் இருவருக்கு நடுவே தாயோ சகோதரியோ பல மணி நேரம் அமர்ந்திருக்கும் சங்கடத்தைவிட அந்தப் பணம் சிறியது. இலக்கமில்லா முறையில் குடும்பத்தோடு சேர்ந்து அமர்வது நம் கையில் இருந்தது. இப்போது அதற்கு விலை கொடுக்க வேண்டியுள்ளது.

நான்கு, தனியாகப் போகும் வர்த்தகர் கட்டணத்தைத் தவிர்க்கலாம். ஓர் உதாரணத்துக்கு, ஆசனத் தெரிவுக்கு ஒரு வழிக்கு 2,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். போக வர 4,000 ரூபா. மாதம் ஒரு தடவை போகிறவருக்கு வருடத்தில் 48,000 ரூபா. சென்னைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகவே பறக்கிறோம். அந்த நேரம் நடு ஆசனத்தில் அமர்வதனால் 48,000 ரூபா மிஞ்சுமென்றால், எதைத் தெரிவு செய்வது என்பது அவரவர் கணக்கு.

ஐந்து, மலிவு டிக்கெட்டில் உண்மையான பணம் போகும் இடம் ஆசனமல்ல, பொதி. வரும்போது புடைவைப் பொதி எத்தனை கிலோ என்பதை உத்தேசித்து, முன்கூட்டியே எடைக்குப் பணம் கட்டுங்கள். கவுண்டரில் கட்டும் மேலதிக எடைக்கான கட்டணம் பொதுவாக அதைவிட அதிகம். டிக்கெட், பொதி, ஆசனம், கட்டுநாயக்கவுக்குப் போய்வரும் வான் செலவு ஆகிய நான்கையும் கூட்டிப் பார்த்த பின்னரே எந்த விமானம் மலிவு என்று சொல்ல முடியும். 'இலங்கை வரும்போது 30 கிலோ உண்டு' என்ற சாதாரண டிக்கெட், சில வேளைகளில் மலிவு டிக்கெட்டைவிட மலிவாக முடியும்.

கைக்குட்டை போட்டுப் பிடிக்கலாமா?

இலக்கமில்லா விமானங்களில் அதிக சண்டைக்குக் காரணமாக இருந்தது ஒரேயொரு விடயம்தான். ஒருவர் முன்னால் ஏறி, பின்னால் வரும் நான்கு பேருக்கு ஆசனம் பிடித்து வைப்பது. புத்தளம் பஸ்ஸில் நடப்பதும் இதுவே.

உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு அவரது இடத்தில் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதும், ஒரு தேவைக்காக எழுந்து சென்று திரும்புபவருக்கே அவ்விடத்தில் உரிமை அதிகம் என்று கூறியிருப்பதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. சபைகளில் பிறருக்கு இடமளிப்பது பற்றி அல்குர்ஆனின் 58ஆம் அத்தியாயமும் பேசுகிறது. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் பணி. ஆனால் ஒரு வியாபாரியின் பார்வையில் இதனைச் சொல்லலாம். வந்து அமர்ந்தவரின் உரிமை வேறு, இன்னும் வராதவருக்காக ஒரு துணி கேட்கும் உரிமை வேறு. முன்னதாக வந்து வரிசையில் நின்ற ஒருவர், துணி கிடக்கும் வெற்று ஆசனத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு போவது நியாயமாகாது. பிள்ளையோடு வரும் தாய்க்காக ஓரிடம் பிடிப்பதை எவரும் குறை சொல்லமாட்டார். நண்பர்களுக்காக ஒரு வரிசையையே பிடிப்பதுதான் பிரச்சினை.

நம் கடைகளுக்கும் இதில் பாடமுண்டு. கூட்ட நேரத்தில் முதலில் வந்தவரை நிறுத்தி வைத்துவிட்டு, தெரிந்தவருக்கு முதலில் சாமான் கட்டிக் கொடுத்தால், காத்து நின்றவர் ஒன்றும் பேசாமல் போய்விடுவார். அடுத்த முறை வேறு கடைக்குப் போவார். இலக்கமில்லா முறை இத்தனை காலம் நீடித்ததற்கு, முதலில் வந்தவருக்கு முதலிடம் என்ற நியாயம் எல்லோருக்கும் விளங்கியதும் ஒரு காரணம். கட்டணம் கொடுத்தவர் முன்னால் போகலாம் என்ற வழிகள் ஒவ்வொன்றாக வந்தபோது அந்த நியாயம் தேய்ந்தது.

அடுத்த பயணத்துக்கு டிக்கெட் எடுக்கும் முன் ஒரு தாளை எடுத்து மேற்சொன்ன நான்கு செலவுகளையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். மிஞ்சும் பணம் உங்கள் சரக்குக்கு உதவும், இன்ஷா அல்லாஹ்.